மின்தூக்கி நிற்காத மாடி

புள்ளிவிவர இலாகாவின் பையன்
ஒன்பதாவது மாடியில் என் கதவைத் தட்டியபோது
மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.
எங்கள் புளோக்கின் மின்தூக்கி
ஏழில் நிற்கும், அப்புறம் பதினொன்றில்.
இடையில் இருப்பவர்கள் நடந்துகொள்ள வேண்டும்.

ஹஃபீஸ் என்றான். தண்ணீர் கொடுத்தேன்.
கைக்கணினியைப் பார்த்துக் கேட்டான்:
எத்தனை அறை. எத்தனை பேர் சம்பாத்தியம்.
சலவை இயந்திரம் உண்டா.
பிறந்த இடம்?
தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.
தேடினான். பட்டியலில் இல்லை.
அங்கே இப்போது கோல்ஃப் திடல்.

கேள்வி முப்பத்தொன்று:
வறுமையிலிருந்து உங்களைத் தூக்கிவிட்டது எது?
ஒன்றை மட்டும் தேர்வு செய்க.
கல்வி. உழைப்பு. அரசாங்க உதவி. மற்றவை.

உழைப்பு என்று நாக்கு நுனிவரை வந்தது.
அப்பா நினைவுக்கு வந்தார்.
விடியுமுன் நானூறு மரம் சீவியவர்.
உழைப்புத்தான் காரணமென்றால்
பினாங்குத் தீவையே அவர் வாங்கியிருக்க வேண்டும்.

பஸ் என்றேன்.
நிமிர்ந்து பார்த்தான்.

ஆமாம் தம்பி, தொழிற்சாலை பஸ்.
எழுபத்தாறில், காலை நாலே முக்காலுக்கு
ஆ குவான் கடை முனையில் வந்து நின்றது.
அதுவரை எங்கள் தோட்டத்தில் எந்தப் பாதையில் நடந்தாலும்
இன்னொரு ரப்பர் மரத்தில்தான் போய் முடிந்தது.
ஃபெரி ஏறி, தீவுக்கு வந்து,
பாயான் லெப்பாசில் நுண்ணோக்கிமுன் உட்கார்ந்தேன்.
தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி.
ஒரு முனையை இங்கே ஒட்டு, மறுமுனையை அங்கே.
பெயர் பவுனம்மாள்.
அன்று என் காதில் ஈர்க்குச்சி.

சம்பளம் என் பெயரில் வந்தது.
வங்கிப் புத்தகத்தில் என் பெயர்.
அப்பா கேட்டால் கொடுத்தேன்.
கேட்டார் என்பதைக் கவனி.

அப்புறம், குழாய்.
தண்ணீருக்கு நிற்காத இரண்டு மணி நேரத்தில்
என் மகள் கணக்குப் போட்டாள்.
அப்புறம், சைக்கிளில் வந்த தாதி.
அம்மாவுக்கு ஏழு பிறந்து நாலு தங்கியது.
எனக்கு இரண்டு. இரண்டும் தங்கின.
அப்புறம் யாரோ ஒருவர், எந்தக் குளிர் நாட்டிலோ,
வரைபடத்தில் இந்தத் தீவின்மேல் விரல் வைத்தார்.
விரல் அரை அங்குலம் தள்ளிப்போயிருந்தால்
நீ இன்று என்னைத் தேடி வேறெங்கோ போயிருப்பாய்.

தங்கை செங்கமலம் மேற்கு டிவிஷனில் வாழ்க்கைப்பட்டாள்.
பஸ் நாலு மைல் முன்னாலேயே திரும்பிவிடும்.
என்னைவிட நடுங்காத கை அவளுக்கு.
தோட்டத்தை விற்றபோது
வீட்டைக் காலிசெய்யச் சொல்லி ஒரு கடிதம் கிடைத்தது.
இப்போது பள்ளிக் கழிவறை கழுவுகிறாள், குத்தகைக்காரனிடம்.
அவளுக்கும் இந்தப் படிவம் போகுமா?

இரண்டாயிரத்து ஒன்றில் அந்த விரல் நகர்ந்தது.
கம்பெனி சாமான்களைப் பெட்டியில் கட்டி
கூலி குறைந்த ஊருக்குப் போனது.
நான் அழவில்லையென்று சொல்லமாட்டேன்.
ஆனால் அதற்குள் இயந்திரத்தைத் திறக்கக் கற்றிருந்தேன்,
அடுத்த கம்பெனி சாலைக்கு எதிர்ப்பக்கமே இருந்தது.
ஒரு கதவு சாத்தப்படும் தெருவில்
இன்னொரு கதவும் இருப்பது,
அதற்கு என்ன பெயர்? உன் கட்டத்தில் உண்டா?

விரல் திரையின்மேல் சற்று நின்றது.
'மற்றவை' என்பதைத் தொட்டான்.
விளக்கம் எழுத இருபது எழுத்துக்கு இடம் இருந்தது.
'பஸ், குழாய்' என்று எழுதிவிட்டு
மீதியை வெறுமையாக விட்டான்.

பக்கத்து வீட்டில் எட்டு நேப்பாள இளைஞர்கள்.
அந்தக் கதவைத் தட்டவில்லை. பட்டியலில் இல்லையாம்.
ஏழாவது மாடிவரை அவன் காலடி கேட்டது.

வராந்தாவில் எட்டு ஜோடி செருப்புகள்
ஒவ்வொன்றாகக் காலில் ஏறுகின்றன.
கீழே, இரவு வேலைக்கு,
பஸ் வந்து நிற்கிறது.