எட்டு எழுத்து

ஓர் எழுத்துக்கு நாற்பது ரூபா.
மெய்யெழுத்தும் எழுத்துத்தான், அதற்கும் கூலி உண்டு
என்று கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன்.
கரடிப்போக்குச் சந்தியில் முத்திரை, பெயர்ப்பலகை,
கேடயம், கிண்ணம்.

அன்றிரவு கடைக்குள் சின்ன ரி.வி.யில்
கடலுக்கு அப்பால் இரண்டு தேசங்கள்
சேற்றில் தோளும் தோளுமாய் மோதிக்கொண்டிருந்தன.
நூறு வருசத்துக்கு முன் யுத்தமொன்றில் செத்த
அணித்தலைவன் ஒருவனின் பெயரில் கிண்ணமாம்.
கமரா கிட்டப் போனது.
முழுப் பெயர். பிறந்த ஆண்டு. விழுந்த இடம்.
எழுத்தை எண்ணினேன், பழக்கதோசம்:
நாற்பத்தொன்று.
வெட்டியவனுக்கு நல்ல நாள்.

அடுத்த நாள் றெஜினோல்டா மிஸ் வந்தா,
பின்னால் இரண்டு பிள்ளைகள்.
தருமபுரத்துக் கப்ரின் துளசிகாவின் முழங்காலில்
காயாத கிரவல் காயம்.
விசுவமடுக் கப்ரின் டிலானியின் கையில் பந்து.
முட்டையுமில்லை, உருண்டையுமில்லை.
மேசையில் வைத்ததும் தன்பாட்டுக்கு உருண்டு
எண்ணெய்ப் போத்தலைத் தட்டிவிட்டது.

பெட்டையளின் றக்பி. இரண்டு ஊருக்கும் வருசா வருசம்.
"என்ன வெட்ட?"
"நினைவுக் கிண்ணம்."
"ஆரின்ர நினைவு?"

மிஸ் றோட்டைப் பார்த்தா.
பச்சை ட்ரக் ஒன்று போய் முடியும்வரை பார்த்தா.
டிலானி குனிந்து பந்தைத் தேடினாள்.
துளசிகாதான் சொன்னாள்:
"மேல ஒரு வரி விடுங்கோ அண்ணை.
நீளமா விடுங்கோ."

எவ்வளவு நீளம் என்று நான் கேட்டிருக்கக் கூடாது.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விரலால் அளந்தார்கள்.
அளவு ஒத்துவரவில்லை.
கூடினதை எடுத்துக்கொண்டேன்.

எட்டு எழுத்து, முந்நூற்றிருபது.
புள்ளி வைத்த மூன்றையும் விட்டு
இருநூறுதான் வாங்கினேன். ஏனென்று மிஸ் கேட்கவில்லை.
கடை பூட்டியபின் அந்த வெறும் வரியில்
அடிமட்டம் வைத்துப் பார்த்தேன்.
தம்பி ஆறு எழுத்து. அடங்குவான்.
இரண்டு பக்கமும் இடம் மிஞ்சும்.

ஆவணிப் புழுதி. பனங்குற்றி நட்ட கோல்கம்பம்.
விசுவமடு பன்னிரண்டு, தருமபுரம் ஏழு.
கிண்ணம் கொடுக்கமுன் சிவில் உடுப்பில் ஒருவர்
வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
எட்டு எழுத்தையும் யாரோ வாசித்துச் சொன்னார்கள்.
மேலே தடவினார், நகத்தால் சுரண்டினார்,
போனை நெருக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்.

நல்ல பித்தளை, நானே மினுக்கினது.
அவருடைய முகம்தான் விழுந்திருக்கும்.