தூக்கிவாரிப் போடுதல்

கருப்பூர் போகும் சாலையில் எங்கள் கல்லூரி.
மூன்றாம் மாடி, ஜன்னல் இல்லாத அறை.
கண்ணாடிக் குழலுக்குள் எலி. குழலுக்கு அடியில்
அதன் உடம்பு அதிர்வதை நிறுத்துப் பார்க்கும் ஒரு தட்டு.
ஐந்து நிமிடம் பழக விடுவேன்,
ஒளிபரப்பு முடிந்த டிவியின் இரைச்சலில்.
பிறகு நூற்றிருபது டெசிபெல்,
கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக.

இதற்குத் தமிழில் சரியான சொல் உண்டு,
ஆய்வேட்டில்தான் எழுத முடியாது:
தூக்கிவாரிப் போட்டது.
தூக்கி. வாரி. போட்டு.
மூன்று வினையும் அந்தத் தட்டுக்குத் தெரியும்.
திரையில் ஒரு கூர் எழுந்து விழும்.

பெரிய சத்தத்துக்குச் சற்று முன்னால்,
நொடியில் பத்தில் ஒரு பங்கு முன்னால்,
சின்னதாக ஒன்று கொடுப்போம்,
கதவை விரல் நகத்தால் தொடுவதுபோல.
அது போதும். நலமான எலி பாதிதான் துள்ளும்.
மூளை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறது.
கீட்டமைன் ஏற்றிய எலிக்குத் தாழ்ப்பாள் விழாது,
சின்னது வந்தாலும் வராவிட்டாலும் ஒரே துள்ளல்.
அதற்கு மேல் எங்கள் புது மருந்து.
தாழ்ப்பாள் திரும்ப விழுகிறதா என்று பார்க்கத்தான்
எனக்கு மாதம் உதவித்தொகை.

எங்கள் தெருவுக்கு இது புதிதில்லை.
வெள்ளைக்கல் சுரங்கத்தில் நாலு மணிக்குச் சங்கு ஊதும்.
ஊதியதும் அடுப்படியில் பால் சட்டியைப் பிடித்துக்கொள்வார்கள்,
தங்கராசு சலூனில் கத்தி கன்னத்தை விட்டு எழும்.
அப்புறம் வெடி. சுவர் கொஞ்சம் உதிரும்.
யாரும் துள்ளியதில்லை.
(சங்குக்கும் வெடிக்கும் நடுவே மூன்று நிமிடம்.
இரண்டையும் ஒப்பிட்டால் என் வழிகாட்டி சிரிப்பார்.
சிரிக்கட்டும்.)

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டு வந்த வருஷம்
அண்ணன் குணசீலன் மட்டும்
சங்கு ஊதியும் துள்ளினான்.
சோற்றுத் தட்டு கவிழ்ந்தது.
திமிரு, என்றார் அப்பா.
காத்துக் கறுப்பு, என்றது தெரு.
சேர்வராயன் குகையில் குனிந்து போய்
மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு வந்தான்.
மூன்றாவது வருஷம்தான் பெரியாஸ்பத்திரியில்
நோய்க்கு ஒரு பெயர் சொன்னார்கள்.

செவ்வாய் மதியம், எண் பதினேழு குழலில் இருந்தபோது
சுரங்கத்தில் நேரம் தவறி வெடித்தார்கள்.
நான் சத்தமே தராத இடைவெளியில்
திரையில் ஒரு கூர்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
வெளி அதிர்வு. கணக்கில் சேர்க்கவில்லை.
பேனாவை மூட முடியவில்லை.
அண்ணனுடைய பத்து வருஷத்தின் மேல்
யார் யாரோ எழுதியதும் இதே கையெழுத்தில்தான்.

"எலிய என்ன பண்ற?" என்றான் அன்று ராத்திரி.
மாத்திரையால் தடித்த நாக்கு.
சொன்னேன். பெரிய சத்தம், சின்னச் சத்தம்,
மேஜையைத் தட்டியும் காட்டினேன்.
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
காபியில் ஆடை கட்டியது.

"பெருசு பரவால்ல பாப்பா,
வந்துச்சுன்னா போயிரும்.
அந்தச் சின்னது இருக்குதே, அதுதான்.
அது என்னமோ சொல்ல வருது."

அதற்குத் தட்டில் அலகு இல்லை.
தாளில் அதற்கென்று கட்டமும் இல்லை.
ஆனால் இன்று காலை முதல் முப்பத்திரண்டு எலிகளுக்கும்
சின்னச் சத்தம் போகும்போது
நான் கூரைப் பார்க்கவில்லை, காதுகளைப் பார்த்தேன்.

பதினேழைக் குழலிலிருந்து எடுக்கிறேன்.
வாலடியில் பிடிப்பதுதான் வழக்கம்,
உள்ளங்கையில் ஏந்துகிறேன்.
என் ரேகைகளின் மேல் ஓடுகிறது அதன் இதயம்,
எண்ணி முடியாத வேகத்தில்.
வெள்ளிக்கிழமை இதன் மூளையை எடுத்தாக வேண்டும்.
அனுமதி எண் கதவிலேயே ஒட்டியிருக்கிறது.

கூண்டைச் சாத்துமுன்
நாக்கு நுனியால் ஒரு ச்சு.
எலி காதைத் திருப்பியது,
காத்திருந்தது.
என்ன சொல்ல வந்தேன் என்று
எனக்கே தெரியவில்லை.