கேள்வி பத்தொன்பது

மூன்று நாள் பயிற்சி.
காலையில் வடை, கழுத்தில் மாட்ட ஒரு அட்டை.
நாகபூஷணா சார் வெள்ளைப் பலகையில்
இரண்டு வட்டம் போட்டார்.
பெரியது, வீடில்லாதவர்கள் எல்லோரும்.
அதற்குள் சின்னதாக,
வீடும் இல்லாமல்
பத்து சதவீதம் முன்பணமும் கட்டக்கூடியவர்கள்.
இதுதான் பேடிகெ என்றார், சின்னதைத் தட்டி.
இருபது வருஷத்துக்கு நாம் கட்டப்போவது இதற்குத்தான்.
பெரிய வட்டத்துக்கு அவர் பெயர் வைக்கவில்லை.
மதியத்துக்கு மேல் யாரோ அதற்குள்
சாப்பாட்டுக் கணக்கு எழுதியிருந்தார்கள்.

என் கன்னடம் தெருவில் பொறுக்கியது.
பேக்கு என்றால் வேண்டும்,
பேடா என்றால் வேண்டாம்,
மெஜஸ்டிக்கில் பஸ் இறங்குவதற்குள் எவருக்கும் வந்துவிடும்.
பேடிகெ என்றால் கோரிக்கையாம்.
எனக்கென்னவோ
ஒவ்வொரு முறையும் பேடாதான் முதலில் காதில் விழுகிறது.

கெம்பம்மா காலனி, நாலாவது கிராஸ்.
டேப்லெட்டுக்கு அந்தக் கூரைகள் பிடிபடவில்லை.
ஒவ்வொரு வீட்டையும் கொண்டுபோய்
ராஜகாலுவேயின் நடுவில் சிவப்புப் புள்ளியாக மிதக்கவிட்டது.
விரலால் இழுத்துக் கரையில் வைத்தேன்.
மறுபடியும் போய்ச் சாக்கடையில் விழுந்தன
பதினோரு குடும்பங்கள்.

ஜெசிந்தாவின் கதவு தகரம்.
அதில் மஞ்சள் பெயின்டில் 88.
கறுப்பில் எஸ் 41.
பாதி உரிந்த ஸ்டிக்கர் ஒன்று.
கீழே சாக்பீஸில் வெறும் ஒரு டிக்.
டிக் எதற்கென்று அவளுக்கும் தெரியாது,
யாரோ வந்தார்கள், போட்டார்கள்.
மழை கரைத்துவிட்டால்
அவளே திரும்ப வரைந்து வைக்கிறாள்.

உள்ளே ஒரு கட்டில்.
தம்பி சகாயராஜ் ராத்திரி ஏடிஎம் காவல் முடித்து
பெல்ட்கூடக் கழற்றாமல் தூங்குகிறான்.
அவன் கிளம்பிய பிறகு
பெண்கள் இரண்டு பேருக்கும் அதே கட்டில்,
அதே சூடு.
வருகையின்போது எத்தனை பேர் என்று செயலி கேட்டது.
கட்டில் ஒன்று, ஆள் ஒன்று,
நெரிசல் இல்லை என்று அதுவாகவே நிரப்பிக்கொண்டது.

கேள்வி பத்தொன்பது:
எழுபதாயிரம் முன்பணம் செலுத்தி
வீடு பெற விருப்பமா?
அரிசி களைந்துகொண்டிருந்தாள்.
அதுவரை தமிழில் பேசியவள்
பேடா என்றாள்.
கேட்பது சர்க்கார் அல்லவா,
சர்க்காருக்குப் புரிகிற மொழியில் சொன்னாள்.
விருப்பமில்லை. அழுத்தினேன்.

சாயங்காலம் வரைபடத்தில் காலனி பச்சையானது.
பச்சை என்றால் பற்றாக்குறை இல்லை.
சார் குழுவில் ஒரு கட்டைவிரல் போட்டார்.
அதே நேரத்தில் என் வீட்டு ஓனரும் ஒரு செய்தி போட்டிருந்தார்:
பதினோரு மாசம் முடிகிறது,
அடுத்ததற்கு ரெண்டாயிரம் சேர்த்து.
என்னை எந்தக் கேள்வியும் கேட்கவில்லை யாரும்.

மறுநாள் திரும்பப் போனேன். படிக்காசு கிடையாது.
அக்கா, இந்த வீட்டுக்கு இதுவரை
எவ்வளவு வாடகை கட்டியிருப்பே?
பதினாறு வருஷம். மூவாயிரத்தைந்நூறில் ஆரம்பித்தது,
இப்போது ஏழரை, தண்ணி தனி.
கூட்டிப் பார்த்தோம், அவள் விரலில், நான் டேப்லெட்டில்.
அவள் விரல்தான் முதலில் முடித்தது.
பத்து லட்சத்துக்கு மேல்.
ஹொசகோட்டேயில் எவனோ ஒருத்தனுக்கு
மாடி எழும்பியிருக்கும் என்றாள்.
கோபமாகச் சொல்லவில்லை,
செங்கல் விலை சொல்வதுபோல.

குறிப்புரைக்கு நூற்றிருபது எழுத்து இடம்.
கட்ட முடியாதவர் அல்ல,
பதினாறு வருடமாகக் கட்டிக்கொண்டே இருப்பவர், இவருக்கு
என்பது வரை ஏறியது. மிச்சத்தை வாங்கவில்லை.
பத்தொன்பதைத் திருத்தப் பார்த்தேன்.
பூட்டிவிட்டார்களாம், மேலதிகாரி திறக்கணும்.
புள்ளி இன்னும் சாக்கடையில்தான் இருந்தது.

போகும்முன் கதவில் இந்த வருஷத்து எண் எழுத வேண்டும்.
இடம் தேடிக் குனிந்தேன்.
அங்கே வேண்டாம், என்றாள்,
சாதத்தை வடித்துக்கொண்டே.
எண்பத்தெட்டு மேலே எழுதாதே தங்கச்சி,
அதுக்கும் ஒரு சீட்டு வச்சிருக்கேன்.