எட்டு மில்லிமீட்டர்

டிரெய்லர்கள் வால் பிடித்து நின்ற இரண்டாம் இரவு
எர்ணாவூர் பாலத்துக்குக் கீழே
செல்போன் வெளிச்சத்தில் முதல் தடவை பார்த்தேன்
ரத்தம்.
"மூலம்ணே, கோழி துன்றத நிறுத்து" என்றான் கிளீனர் ஒபேத்.
மருந்துக்கடைக்காரர் களிம்பு கொடுத்தார்.
ஏழு மாதம் அது டேஷ்போர்டில் கிடந்தது,
மாதா படத்துக்குப் பக்கத்தில்.

அந்த இடத்துக்கு எங்களிடம் பேர் இருக்கிறது
திட்டுவதற்கு மட்டும்.
ஹார்பர் கேட் திறக்கும் வரைக்கும்
ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வோம்.
வலி என்று வந்தால் "கீழ" என்போம், "பின்னாடி" என்போம்.
ரூபாவதியிடம் நான்
வயிறு சரியில்லை என்றேன்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை மகள்தான் படித்தாள்,
பாதியில் குரலை இறக்கி:
மலக்குடல் சுவர் தடிப்பு. எட்டு மில்லிமீட்டர்.

ஸ்டான்லியில் டாக்டர் நஸ்ரின், வயது முப்பது இருக்குமா?
கையுறை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"தடிப்புங்கறது நோயோட பேர் இல்ல.
புகை. அடியில எது எரியுதுன்னு பாக்கணும்.
புண்ணா, கிருமியா,
டிபி அங்கேயும் வரும்,
வருஷக்கணக்கா முக்கி முக்கி வந்த காயமா,
இல்ல..."
அந்த 'இல்ல'வோடு
விரலை விட்டுப் பார்த்தார்.
நாற்பத்தாறு வயதில் சுவரைப் பார்த்து அழுதேன்.
வலியால் இல்லை.

கேமரா விடுவதற்கு முந்தின ராத்திரி
உப்புக்கரிக்கும் மருந்துத் தண்ணீர், லிட்டர் கணக்கில்.
எங்கள் சந்தில் ஐந்து வீட்டுக்கு ஒரு கக்கூஸ்.
லாரித் தண்ணிக்குக் குடம் போட்டு இடம் பிடிக்கிற மாதிரி
எதிர் வீட்டு பீபீஜான்
வாசலில் தன் வாளியைப் போட்டு விடியவிடிய உட்கார்ந்தாள்.
"யாரும் போவாதீங்க, அவரு வருவாரு."
என்ன ஏது என்று கேட்கவே இல்லை.

மிளகு அளவில் ஆறு துணுக்கு எடுத்தார்கள்.
பதினோரு நாள்.

எனக்கு முந்தின டோக்கன் வெல்டர் குணாளன்,
கொருக்குப்பேட்டை.
அவருக்கும் தடிப்பு, அவருக்கும் களிம்பு,
அவருக்கு இரண்டு வருஷம்.
ஒரே டீயை இரண்டாக ஊற்றிக் குடித்தோம்.
அவர் உள்ளே போய்த் திரும்பி வந்து
சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.
"கரண்டு வைக்கணுமாம். அப்பால ஆபரேஷன்.
பை ஒண்ணு மாட்டுவாங்களாம், வவுத்துல."
அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்குப் புண். அழற்சி.
மருந்து கேட்கும், ஆனால் விடாமல் போட வேண்டும்.
தோட்டா மாதிரி ஒரு மாத்திரை,
வாய்க்கு இல்லை.
இடப்பக்கம் சாய்ந்து, முழங்காலை மடக்கி,
ஓட்டேரி மச்சான் வீட்டுக் கல்யாணத்திலும்
ஒன்பதரைக்கு எழுந்து போய்ப் படுத்தேன்.
வெளிச்சத்தை அணைத்தாள் ரூபாவதி.
வயிறு இல்லை என்று அவளுக்கு இப்போது தெரியும்.

எட்டு, நாலு ஆகிவிட்டது என்கிறது புது ஸ்கேன்.
குணாளன் போனை எடுப்பதில்லை.
வாரம் ஒருமுறை அடிக்கிறேன், மணி முழுசாக அடித்து ஓய்கிறது.

நேற்று லைனில், பின்வண்டி டிரைவர்
ஜன்னலோரம் வந்து குரலைத் தாழ்த்தினான்:
"அண்ணே, எனக்குக் கொஞ்ச நாளா... மூலம்தான்னு நெனக்கிறேன்.
அந்தக் களிம்பு பேர் இன்னா?"

எஞ்சினை அணைத்தேன்.
ஏறி உட்காரச் சொன்னேன்.
திட்டும்போது சொல்கிற அதே வார்த்தையை
திட்டாமல் சொன்னேன்.