என்ற

மே மாசத்தில், மங்கலம் ரோட்டுக் கம்பெனியில்
ஃபேன் போட்டால் பஞ்சு பறக்கும்
நிறுத்தினால் நாங்கள் வேகுவோம்.
ஓவர்லாக் அடிக்கும் அத்தனை பேர் கையிலும்
வேர்வையில் பஞ்சு ஒட்டி
மயிர் நரைத்திருக்கும்.
நான் மட்டும் சட்டைக்குள் இரண்டு பனியன்.
மேலே எண்பத்தைந்து.
அடியில் எழுபது, பள்ளிக்கூடத்துப் பையன் சைஸ்.
இழுத்து மூச்சு விட்டால் தையல் முனகும்.
ஐந்து வருஷம் மேலோடுதான் மூச்சு விட்டேன்,
கைமாத்துக் கேட்க வந்தவன்
வாசலோடு நிற்பதுபோல.

சனிக்கிழமை சம்பளக் கவரில்
காண்ட்ராக்டர் செல்லாண்டி பேர் எழுதவில்லை.
"ஆம்பளைக் கூலி போடறதா, பொம்பளைக் கூலியா?
நீயே சொல்லு."
"டசன் கணக்குத்தானுங்களே நமக்கு."
பேனாவைக் காதில் செருகி யோசித்தார்.
"அதுவுஞ் செரிதான்."
எண்ணிக் கொடுத்ததில் இருபது ரூபாய் குறைந்தது,
எல்லோருக்கும் குறைவதுபோலவே.
அந்த இருபது ரூபாய்
அன்றைக்கு எனக்கு இனித்தது.

கோயமுத்தூரில் சர்டிபிகேட் தருகிற டாக்டர்
நல்ல மனுசன். ஃபாரத்தில் ஒரு வரி
முன்னமே அச்சாகி இருந்தது:
தவறான உடம்பில் பிறந்ததாக உணர்கிறேன்.
கையெழுத்துப் போட்டால் போதும்.
பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு
உட்கார்ந்தே இருந்தேன்.

தவறான உடம்பா.
மூலனூரில் ராத்திரி பஸ் ஏறி
டிக்கெட்டுக்கு மேல் நாற்பது ரூபாயோடு
இங்கே வந்து இறங்கியது இதுதான்.
மஞ்சக்காமாலையில் நாலு வாரம் கிடந்து எழுந்தது.
நைட் ஷிப்டில் நின்றபடியே தூங்கப் பழகியது.
நான் இன்னார் என்று மனசு துணிவதற்கு முன்பே
இதற்குத் தெரியும். சந்தேகமிருந்தால்
அக்கா கல்யாண ஆல்பத்தில்
பட்டுச்சேலை கட்டி நிற்கும் அந்தத் தோள்பட்டையைப் பாருங்கள்,
அது ஒத்துக்கொள்ளவே இல்லை.

டாக்டர் கீழே தமிழில் எழுதியிருந்தார்:
பெண் என்ற உடம்பு. ஆண் என்ற மனம்.
நான் அதை எங்கள் ஊர் வாயால் வாசித்தேன்.
என்ற உடம்பு.
என்ற மனம்.
எங்கள் பக்கம் 'என்ற' என்றால் என்னுடைய.
என்ற காடு, என்ற கெணறு, என்ற எருமை என்று
வரப்பில் நின்று கத்துவார்களே, அந்தச் சொல்.
அச்சடித்த வரியை ஒரு கோட்டில் அடித்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டேன்.
டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. சீலை எடுத்தார்.

ஆபரேஷன் முடிந்த மூணாம் நாள் அம்மா வந்தாள்.
தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறு.
ரெண்டு வருஷமாகப் பேர் சொல்லாமல்
கண்ணு, சாமி என்றே ஓட்டியவள்.
அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால்
'ள்' வருகிற இடத்தில் இருமுவாள்.
கட்டைப் பார்த்தாள்.
பிறகு ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்தாள்.
"வலிக்குதா?"
"மரத்துப் போச்சும்மா.
தொட்டா வேற ஆரையோ தொடறாட்டம் இருக்குது."
வேறு யாரிடமும் நான் சொல்லாதது இது.
நரம்பு முளைக்கும் என்கிறார்கள். முளைக்காமலும் போகலாம்.
போனதை நினைக்கவே இல்லை என்றால்
அது பாதிப் பொய்.

சோறு போட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்துச் சொன்னாள்:
"பையன் பொறந்தா
நாச்சிமுத்துன்னு பேர் வெக்கறதா இருந்துச்சு."
நான் வைத்துக்கொண்ட பேர் வேறு,
ஆதாரில்கூட ஏறிவிட்டது.
இருந்தாலும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
முன்னால் நாச்சி, பின்னால் முத்து.
தையல்காரன் நான், தேடினேன்,
இணைப்பு எங்கே என்று தெரியவில்லை.

ரூமுக்கு வந்த அன்று
கொடியில் கிடந்த எழுபது பனியனை உருவி
நாலாக மடித்து
அடுப்பிலிருந்து போசியை இறக்கினாள் அம்மா.
"நல்ல துணி," என்றாள்.
"சூடு தாங்குது."