துடைப்பக் கம்பு

இரும்பை விற்றுவிட்டேன்.
நார்வாவிலிருந்து வந்த பையன்
இருபது கிலோத் தட்டுகள் நான்கையும்
ஐந்தாம் மாடியிலிருந்து இரண்டு நடையாக இறக்கினான்.
அன்றைக்கென்று லிஃப்ட் ஓடவில்லை.
பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது
ஏன் விற்கிறீர்கள் என்றான்.
தோள்பட்டை, என்றேன்.
பாதி உண்மை.

மீதி உண்மை நாலாம் மாடியில் இருந்தது.
ஸ்லாத்தா. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி.
தாலின் நகரம் வேலைக்குப் போய்ச் சேரும் ஒன்பது மணிக்குப்
படுக்கப் போகிறவள்.
எனக்குத் துறைமுகத்தில் மதிய ஷிப்ட்.
ஒன்பதேகாலுக்குத் தட்டைத் தரையில் வைப்பேன்.
மெதுவாகத்தான் வைப்பேன்.
லஸ்னமேயின் கான்கிரீட்டுக்கு மெதுவாக என்று ஒன்று கிடையாது:
மேலே விழுந்த ஊசி கீழே உலக்கை.
அவள் சீலிங்கில், அதாவது என் தரையில்,
துடைப்பக் கம்பு மூன்று முறை இடிக்கும்.
எட்டு வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை
அவ்வளவுதான்.

அஞ்சலில் வந்தன ஐந்து பட்டைகள்.
மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம், கறுப்பு.
ஐந்தும் சேர்ந்து ஒரு வாளித் தண்ணீர் கனம் இல்லை.
கப்பல் கயிறு கட்டிய கைக்கு
தலைமுடி கட்டும் சமாசாரமா
என்று சிரிப்பு வந்தது.
இழுத்த இழுப்புக்கு வரும் என்று
கதவுக் கீலில் மாட்டி, கறுப்பையே எடுத்தேன்.
வந்தது.
முழங்கை மடங்கும்வரை வந்தது.
பிறகு
வரமாட்டேன் என்றது.

இரும்பு, நான் தூங்கும்போதும் இருபது கிலோ.
கட்டிலடியில் தூசி படிந்து கிடந்தாலும் இருபது கிலோ.
இது அப்படியில்லை.
நான் இழுக்காதவரை இதற்கு எடையே இல்லை.
எவ்வளவு தூரம் போகிறேனோ
அவ்வளவு மல்லுக்கட்டுகிறது.
முதல் சாணில் குழந்தை
கடைசி அங்குலத்தில் கழுதை.

இழுப்பதைவிட விடுவதுதான் கஷ்டம்.
இரும்பை விட்டால் விழும், கதை முடிந்தது.
இதை விட்டால் என்னைத் தேடி வரும்.
இரண்டாம் நாளே வந்தது, பச்சை.
காதிலிருந்து தாடைவரை ஒரு கோடு.
பால் வாங்கப் போன கடையில்
காசாளர் பார்த்தும் பாராததுபோல் இருந்தாள்.
அதன்பிறகு
வங்கிக்கடன் அடைப்பதுபோல
தவணை தவணையாகத் தளர்த்தக் கற்றுக்கொண்டேன்.

சத்தமே இல்லை.
ரப்பரின் முனகல். ஹீட்டர் குழாயில் தண்ணீர்.
ஜன்னலில், இன்னும் முழுசாக விடியாத ஜனவரி.

பதினோராம் நாள் அழைப்புமணி.
ஆஸ்பத்திரிச் செருப்போடு ஸ்லாத்தா.
கையில் அந்தக் கம்பு.
அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று
ஓர் அடி பின்னால் போனேன்.
எஸ்தோனியத்தில் ஆரம்பித்து ரஷ்யனில் முடித்தாள்:
"பத்து நாளாகச் சத்தம் இல்லை. தூக்கம் வரவில்லை."
அப்புறம், கம்பைப் பார்த்துக்கொண்டே,
"விழுந்து கிடக்கிறீர்களோ என்று.
கதவு திறக்காவிட்டால் இதை வைத்து உடைக்கலாம் என்று."
அந்தக் கம்பால் ஒரு தீப்பெட்டியைக்கூட உடைக்க முடியாது.

அவள் கண் என் தாடையில் நின்றது.
"யார் அடித்தது?"
"பச்சை."

உள்ளே வந்து பட்டையை இழுத்துப் பார்த்தாள்,
ஊசி போடுமுன் கையில் கட்டும் நாடாவைச்
சோதிக்கிறவள்போல.
என் விரல்களைத் திருப்பினாள். சுற்றிச் சுற்றி
நீலம் பாய்ந்திருந்தன.
திட்டினாள், எந்த மொழி என்று தெரியவில்லை.
பட்டையைத் தரையில் போட்டு, நடுவில் மிதிக்கச் சொல்லி,
இரண்டு பக்கக் கண்ணியிலும்
கம்பைக் கோத்துக் கொடுத்தாள்.

கம்பின் நுனியில் வெள்ளையாக ஏதோ.
சுண்ணாம்பு. அவள் சீலிங்குடையது,
எட்டு வருடத்துச் சுண்ணாம்பு.

தூக்கினேன்.
ரஷ்யனில் எண்ணினாள்.
ஒன்பதில் கொட்டாவி வந்து எண்ணிக்கை போயிற்று.
அப்படியே எழுந்து போய்விட்டாள்.

கம்பு என்னிடமே இருக்கிறது.
இனி எதனால் இடிப்பாள் என்று கேட்க மறந்துவிட்டேன்.

மறுநாள் ஒன்பதேகால்.
கடைசியாகத் தளர்த்திவிட்டு
கம்பைத் தரையில் வைத்தேன்,
கொஞ்சம் கேட்கிற மாதிரி.
டொக்.

கீழே பதில் இல்லை.