படம், பொத்தான், பொத்தான்

விருத்தாசலத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார்.
வங்கியில் வேலை. பெயர் திலகவதி.
"உங்க கடையத் திறந்து வெச்சிருக்கேன்,
கொஞ்சம் கேளுங்க" என்று
தன் கணினியின் வாயருகே போனைப் பிடித்தார்.

மூச்சே விடாத ஒரு குரல்
என் கருவாட்டுக் கடையை வாசித்தது:
படம். ஐஎம்ஜி அடிக்கோடு இரண்டு பூஜ்யம் நான்கு ஏழு.
படம். ஐஎம்ஜி அடிக்கோடு இரண்டு பூஜ்யம் நான்கு எட்டு.
பொத்தான். பொத்தான். பொத்தான்.

"இதுல எதுங்க நெத்திலி?"

முதுநகர்த் துறைமுகத்து இரைச்சலில்
பதில் இல்லாமல் நின்றேன்.
புதுச்சேரியிலிருந்து ஆள் வரவழைத்து
வெள்ளைத் தட்டில் வாழையிலை விரித்து
ஒவ்வொரு மீனுக்கும் விளக்கு வைத்து எடுத்த படங்கள்.
பில் இன்னும் பாக்கி.

"கடைசியில ஒரு பூட்டு வேற போட்டிருக்கீங்க.
சிக்னல் இருக்குற கட்டத்தையெல்லாம் தொடணுமாம்.
கருவாடு வாங்க எதுக்குங்க சிக்னல்?"
சிரித்தார்.
எனக்குத்தான் வரவில்லை.

ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு
தளம் கட்டிக்கொடுத்த கஜேந்திரனை அழைத்தேன்.
"ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலயும்
ஒரு காலி இடம் இருக்கும்ணே.
யாரும் அதை நிரப்ப மாட்டாங்க."
நிரப்ப உட்கார்ந்தேன்.

முப்பது வருஷமாய் மீன் விற்கிறேன்.
கூவத் தெரியும். தராசுமுள் பார்க்கத் தெரியும்.
எழுதினேன்: அழகான வாளைக் கருவாடு.
மறுநாள் அவர்:
"அழகு கெடக்கட்டும்.
எவ்வளவு நீளம்? தலை உண்டா?
தொட்டா உப்பு உதிருமா?"

அழித்தேன்.
வாளை. முழங்கை நீளம். தலை எடுத்தது.
இடுப்பு வாரைப் போல் தட்டை, மடித்தால் ஒடியும்.
நெத்திலி. சுண்டுவிரலில் பாதி. தலையோடு.
மூன்று நாள் வெயில். மணல் இல்லை.

மணல் இல்லை என்று எழுதிவிட்டு
எழுந்துபோய் மூட்டையைக் கிளறினேன்.
இருந்தது.
விடியும் முன் ஆள் வைத்துச் சலித்தேன்.
இத்தனை நாள் படத்தில்
மணல் தெரிந்ததே இல்லை.

சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்த விலைகளை
கஜேந்திரன் கறுப்பாக்கினான்.
அப்போதுதான் உறைத்தது,
காயப்போடும் களத்தில் உச்சிவெயிலில்
என் விலையை நானே
கையால் நிழல் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தது.

பூட்டைக் கழற்றினோம்.
பொத்தான்களுக்குப் பெயர் வைத்தோம்:
கூடையில் போடு. கூடையைப் பார். பணம் கட்டு.

புரட்டாசி முடிந்த மறுநாள் வந்தது ஆர்டர்.
நெத்திலி கால் கிலோ, வாளை கால் கிலோ,
விருத்தாசலம், திலகவதி.
பொட்டலம் கட்டும்போது கை நின்றது.
இரண்டும் ஒரே உறை, ஒரே அளவு,
மேலே அச்சடித்த சீட்டு.
யோசித்து
வாளைப் பொட்டலத்துச் சணலில்
ஒரு முடிச்சு கூடுதலாய்ப் போட்டேன்.
கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் போன்.
"வந்து சேந்துச்சு. மணலே இல்ல.
அது என்னங்க ஒண்ணுல மட்டும் ரெண்டு முடிச்சு?"
விளக்கிச் சொன்னேன்.

"கருவாட்ட மோந்தா தெரியாதா எனக்கு?"
என்று சிரித்தார் மறுபடியும்.
இந்த முறை நானும்.

"அத விடுங்க.
முகவரி எழுதுற பக்கத்துல, கீழ,
இன்னும் ஒண்ணு
வெறும் பொத்தான்னுதான் சொல்லிக்கிட்டிருக்கு.
அது என்னன்னு பாருங்க."